தண்ணீர் வந்த நாள் ஊர்வலம்

டப்பாவின் மூடியைத் திறந்ததும் புளித்த வாசம் கடை முழுக்கப் பரவியது. பழைய பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் முதலில் வருவது இந்த வினிகர் வாசம்தான். பெரியப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு சுருளின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உசுரு இருக்கு. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது," என்றார்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த அன்று நடந்த ஊர்வலத்தின் படம் அது. நகரமன்றத்தின் கீழறையில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்ததாம். அறுபது வருடமாக யாரும் போட்டுப் பார்த்ததில்லை. அந்த நாளை நினைத்து விழா எடுக்கிறோம், பெரிய திரையில் காட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுங்கள் என்று நகரமன்றத்து எழுத்தர் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் கடையில் அதுதான் வேலை. ஊர்க்காரர்களின் கல்யாணம், பிறந்தநாள், என்றோ செத்துப்போன நாய்க்குட்டி எல்லாம் பழைய சுருள்களில் எங்களிடம் வந்து சேரும். மெஷினைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார். துடைப்பதும் ஒட்டுவதும் நான். பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு மெல்லிய துணியால் சுருளை அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். ஓரத்துத் துளைகள் கிழிந்திருந்தால் டேப் வைத்து ஒட்ட வேண்டும். அதன் பிறகு மெஷின் படங்களை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிக்கொள்ளும். நானும் பெரியப்பாவும் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம்.

முதலில் வெறும் வெள்ளை. பிறகு பனி. அன்று காலை ஊரில் இறங்கிய பனியா, பிலிம் அழுகியதால் வந்த பனியா என்று சொல்ல முடியவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு குதிரையின் தலை வந்தது. குதிரைக்குப் பின்னால் வண்டி. வண்டி நிறைய இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் தீயணைப்புக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் முரசுகள். முரசுகளுக்குப் பின்னால் ஊரே நடந்து வந்தது. எல்லார் கையிலும் காலி வாளி. சிலர் அதைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்திருந்தார்கள்.

"ஏன் பெரியப்பா எல்லாரும் ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஓடறாங்க?"

"அந்தக் காலத்து கேமரா மெதுவா எடுக்கும். இப்ப இருக்கிற வேகத்துல போட்டா ஓடத்தான் செய்வாங்க. கொறைச்சு வை."

குறைத்தேன். ஊர்வலம் மூச்சு விட்டுக்கொண்டது. கோட்டுகளின் ஓரங்கள் ஆற்றுப் பாசி மாதிரி மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தன. எல்லாரும் நீருக்கு அடியில் நடந்து போனார்கள். அழுகல் படிந்த இடங்களில் வெள்ளைத் திட்டுகள் பூவாக விரிந்து ஒரு வரிசை ஆட்களையே விழுங்கின. அடுத்த கணம் அதே ஆட்கள், எங்கேயும் போய்விட்டு வராதவர்கள் போல, சிரித்துக்கொண்டே மறுபக்கம் வெளியே வந்தார்கள். படத்துக்கு ஒலி கிடையாது. மெஷினின் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் காதில் விழாமல் போனது.

எதிர்க்கடைத் தையல்காரர் அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தார். காலையில் பெரியப்பாவிடம் வந்து வம்பு இழுத்துவிட்டுப் போனால்தான் அவருக்கு ஊசியில் நூல் கோக்க வரும்.

"வாங்கண்ணே. உங்க காலத்துப் படம் ஓடுது," என்றார் பெரியப்பா.

"என் காலம்னா? நீ அப்ப பொறக்கவே இல்லைங்கறியா? உன் மண்டையைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"மண்டையை விடுங்க. படத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

"நிறுத்து. பாப்பா, நிறுத்து."

நிறுத்தினேன். திரையின் நடுவில், தலைக்குப் பெரிதான தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன். பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஒல்லியாக ஒரு வாலிபன்.

"அது நான்," என்றார். பிறகு வாலிபனைக் காட்டி, "அது அண்ணன்," என்றார்.

பெரியப்பா எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். தையல்காரரின் அண்ணன் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஊர்வலத்துக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. சரக்கு ரயிலில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், லாரியில் போனதாக இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான். ஒரு கடிதம் கிடையாது, ஒரு போட்டோ கூட வீட்டில் கிடையாது.

"விடு, மெதுவா விடு," என்றார் தையல்காரர்.

வாலிபன் தலையிலிருந்து வாளியை எடுத்தான். குனிந்தான். பையனின் காதருகே ஏதோ சொன்னான். பையன் தலையாட்டினான். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விரிந்து பையனின் முகத்தை மூடியது.

"இதேதான். இத்தனை வருஷமா நான் கண்ணை மூடினா இதேதான்," என்றார். "அண்ணன் என்னவோ சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலை. முரசு அப்படியே காதுக்குள்ள நின்னு இடிச்சுது. சும்மா தலையாட்டி வச்சேன். எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுச்சு, உன்கிட்ட என்னடா சொன்னான், எங்க போறேன்னு சொன்னான்னு. எனக்கே தெரியாதும்மான்னா நம்பலை."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து மாடிக்கு ஓடினேன்.

மாடியில் பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு எட்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். ஆனால் வாயசைவைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களின் சண்டையை எங்களுக்கு மொழிபெயர்ப்பாள். அவளோடு பேசிப் பேசி எனக்கும் அது கொஞ்சம் பிடிபட்டிருந்தது. நானும் அவளும் சத்தமே இல்லாமல் மணிக்கணக்கில் பேசுவோம். எனக்கு அது வசதி. சத்தம் போட்டுப் பேசுவது எனக்கு என்றைக்குமே வந்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த போர்வையோடு இறங்கி வந்தாள்.

"வாய் கடுகு மாதிரி இருக்கு. இதை நான் எங்க படிக்கிறது? பெருசு பண்ணுடி," என்றாள்.

பெருசு பண்ணினேன். பையனை விட்டேன், கூட்டத்தை விட்டேன், வானத்தை விட்டேன். வாலிபனின் வாயும் மோவாயும் மட்டும் திரை முழுக்க நிற்கும்படி வெட்டினேன். வேகத்தை இன்னும் குறைத்தேன். புள்ளி புள்ளியாக ஒரு வாய், கனவில் வருவது போலத் திறந்தது, குவிந்தது, விரிந்தது, மூடியது.

பெரியம்மா திரையருகே முகத்தைக் கொண்டுபோனாள். அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. திரும்பப் போடச் சொன்னாள். திரும்பத் திரும்பப் போட்டேன்.

"கதவைத் தெறந்து வை," என்றாள். பிறகு, "விடியறதுக்குள்ள வாசல்ல நிப்பேன்."

நானும் அதையேதான் படித்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

தையல்காரர் எழுந்தார். அளவு நாடா கழுத்திலிருந்து நழுவி விழுந்தது. அவர் சொன்னதை நான் சத்தமில்லாமல் பெரியம்மாவுக்குச் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி அண்ணன் வரலைன்னதும் எங்கப்பாவுக்குக் கோவம். ஊர் சுத்தறவன் வெளியிலேயே கிடக்கட்டும்னு தாழ்ப்பாளைப் போட்டுட்டார். நான் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன்."

நாடாவைக் குனிந்து எடுக்காமலே தெருவைக் கடந்து போனார்.

அதன் பிறகு அவர் கடைக் கதவை மூடவில்லை. கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு, தெருவுக்கு அது ஒன்றுதான் கதவு. குளிர் எலும்பைத் துளைக்கிற காலம். நான் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் எதிரே கதவு அகலத் திறந்து கிடக்கும். உள்ளே அவர் கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு தையல் மெஷின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். பனி தாராளமாக உள்ளே போய் வந்தது. அந்தப் பனிக்குள் அவரைப் பார்க்கும்போது அவரும் எங்கள் சுருளில் இருக்கிற ஓர் ஆள் மாதிரியே எனக்குத் தெரியும். ஒரு திட்டு விரிந்தால் மறைந்துவிடுவார் என்று பயமாக இருக்கும்.

ரொட்டிக்கடைக்காரி அவரை வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். "என்ன தையல்காரரே, குளிரை மொத்தமா வாங்கிச் சில்லறைக்கு விக்கிறீங்களா? எனக்கும் ஒரு முழம் வெட்டிக் குடுங்க." அவர் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். தைக்கக் கொடுத்த துணிகள் வெட்டாமல் கிடந்தன. அவர் இருமல் சத்தம் எங்கள் கடை வரைக்கும் கேட்டது.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றாள் பெரியம்மா.

"உனக்குத்தான் அது வராதே," என்றார் பெரியப்பா.

வழக்கமாக இதற்கு அவள் கையில் இருப்பதை எடுத்து அவர் மேல் எறிவாள். அன்று எறியவில்லை. "நெஜத்தைத்தானே சொன்னேன்," என்றாள், அவளால் முடிந்த மட்டும் மெதுவாக.

விழாவுக்குப் படம் தயாராக வேண்டும். நான் திட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். முழுசாகப் போக்க முடியாது. கறுப்பைக் கூட்டி வெள்ளையைக் குறைத்தால் திட்டு மெலியும், அடியில் இருப்பது லேசாகத் தெரியும். திரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, ஒவ்வொரு முகமாகப் போக வேண்டிய வேலை. அப்படித்தான் அந்தக் காலையில், படத்தின் இடது ஓரத்தில் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த ஒரு பெண்ணின் முகத்துக்கு வந்தேன். திட்டு மெலிந்ததும் அவள் வாய் தெரிந்தது.

வாசல்ல நிப்பேன் என்றது அந்த வாய்.

என் கை எலியின் மேல் அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் எலியைத்தான் சொல்கிறேன். அவளுக்கு முன்னால் நடந்த தடியரைப் பார்த்தேன். கதவைத் தெறந்து வை. வண்டி மேல் உட்கார்ந்திருந்த தீயணைப்புக்காரர்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் வாயைக் குவித்தார்கள், ஒரே நேரத்தில் விரித்தார்கள். வெட்டாமல் முழுத் திரையிலும் ஓட விட்டேன். வரிசை வரிசையாக ஊர் முழுக்க அதே வாய். முன் வரிசையில் திறந்த சொல் பின் வரிசைக்குக் காற்று பட்ட பயிர் மாதிரி சாய்ந்து சாய்ந்து போனது.

நாங்கள் குதிரையைப் பார்த்தோம், வாளியைப் பார்த்தோம், அண்ணனைப் பார்த்தோம். பெருசு பண்ணினால் நன்றாகத் தெரியும் என்று நான் வெட்டி எறிந்ததில் ஓர் ஊரே போயிருந்தது.

பெரியம்மாவை அழைத்துவந்து காட்டினேன். அவள் ஒருதரம் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் படித்தாள். தடியரிடம் கிடைத்தது பாதி, ஒரு சிறுமியிடம் கிடைத்தது மீதி.

"மலையை விட்டு எறங்கி வாரேன், கதவைத் தெறந்து வை. விடியறதுக்குள்ள வாசல்ல நிப்பேன், விளக்கை ஏத்தி வை." நிமிர்ந்தாள். "பாட்டுடி! தண்ணி பாடற மாதிரி பாட்டு! எல்லாரும் பாடிக்கிட்டே போறாங்க!"

அவள் கத்தியது தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். தையல்காரருக்கு மட்டும் கேட்கவில்லை. நான் தெருவைக் கடந்து அவர் கடைக்குள் போனேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கை ஐஸாக இருந்தது.

"என்ன பாப்பா? அண்ணன் வந்துடுச்சா?" என்றார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து முழுப் படத்தையும் போட்டேன். பெரியம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாயையும் காட்டிக் காட்டிச் சொன்னாள். பெரியப்பா, "அண்ணே, உங்களுக்குன்னு சொன்னதில்லைண்ணே அது, ஊரே பாடுது," என்றார். தையல்காரர் வெகு நேரம் பார்த்தார். குதிரை வந்தது, போனது. மறுபடியும் வந்தது.

அவர் அழுவார், சிரிப்பார், கும்பிடுவார் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். அவர் திரும்பி, "அப்ப என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டார்.

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே மேலும் சொன்னார்.

"கதவுன்னு சொன்னீங்க, சரின்னு தெறந்து வச்சேன். தப்பு என்னோடதாவே இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போச்சுன்னு ஒரு இது இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லை. ஊரோட சேந்து பாடிட்டு, அது பாட்டுக்குப் போயிருக்கு."

இதை நான் பெரியம்மாவுக்குச் சொன்னேன். அவள் என் உதட்டைப் படித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

"குட்டி, இந்தப் பையன் மூஞ்சியில ஒரு வெள்ளை இருக்கே, அதை இன்னும் எடுக்கலையா?"

எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. உட்கார்ந்தேன். மூவரும் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். கறுப்பைக் கூட்டினேன், வெள்ளையைக் குறைத்தேன், ஒவ்வொரு படமாக. திட்டு பனி மாதிரி விலகியது. முதலில் தொப்பி தெரிந்தது. பிறகு ஒரு காது. பிறகு கண்கள், முரசுக்குப் பயந்து இடுங்கிய கண்கள். வாய் இறுக மூடியிருந்தது. ஊரில் மூடிய வாய் அது ஒன்றுதான்.

ஓட விட்டேன்.

அண்ணன் வாளியை எடுத்தார். குனிந்தார். மற்ற எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பையனின் காதில் பாடினார். பையன் தலையாட்டினான். இவ்வளவு வரைக்கும் தையல்காரருக்குத் தெரியும். அதன் பிறகு பையன் முகத்தைத் தூக்கினான். அண்ணனின் வாயையே பார்த்தான். அண்ணன் அவனுக்குத் தெரியும்படி வாயை அகலத் திறந்து, மெதுவாக, இன்னொரு தரம் பாடினார். பையனின் வாய் திறந்தது. கதவைத் தெறந்து வை என்றது. முன் பல் இரண்டும் இல்லை.

"ஐயோ," என்றார் தையல்காரர். "நானும் பாடியிருக்கேன்."

"பின்னே? உங்களுக்கும் காது கேக்கலை, வாயைப் பாத்துத்தான் கத்துக்கிட்டீங்க. என்னை மாதிரி," என்றாள் பெரியம்மா. "ஊரே போகுது, நீங்க ஒருத்தர் மட்டும் பாடாம பயந்துகிட்டு நிக்கறீங்க. அதுக்குத்தான் குனிஞ்சிருக்கார். இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"எங்க போச்சுன்னு சொல்லலையே."

"அது தெரியாது. அது படத்துல இல்லை."

அவர் தலையாட்டினார். இப்போது கேட்டுத்தான் ஆட்டினார். பையனும் வாலிபனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பாடியபடி நீருக்கடியில் நடப்பது போல நடந்து போனார்கள். பையனுடைய காலின் கீழ் தரை இருந்ததாகவே தெரியவில்லை. தெரு முனை வந்தது. ஊர்வலம் திரும்பியது. முதுகுகளும் கவிழ்த்த வாளிகளும் மட்டும் மிஞ்சின. பிறகு வெள்ளை.

"விளக்கை ஏத்தி வைன்னதுக்கு அப்புறம் என்ன?" என்று பெரியப்பா கேட்டார்.

"அதுக்குள்ள எல்லாரும் திரும்பிட்டாங்க. முதுகை நான் எப்படிப் படிக்கிறது?" என்றாள் பெரியம்மா.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் விரல்கள் முழங்கால் மேல் முரசு தட்ட ஆரம்பித்தன. இரண்டு மெல்லிய தட்டல், ஒரு பலத்த தட்டல். பிறகு அவர் வாய் அசைந்தது. குரல் வரவில்லை, இருமி இருமித் தொண்டை கட்டியிருந்தது. இருந்தாலும் அசைந்துகொண்டே இருந்தது, அடுத்த வரி, அதற்கும் அடுத்த வரி.

பெரியப்பா ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களைப் பார்த்தார். நான் முன்னால் சாய்ந்தேன். பெரியம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, கண்ணைச் சுருக்கினாள்.

"தையல்காரரே, மீசை மறைக்குது. ஒரு வரிகூடத் தெரியலை," என்றாள்.

அவர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.